அசைந்த மரங்களில் என் பங்கு

சித்தி மகளின் கேமராவுக்குப் பை கிடையாது. பழைய துவாலையில் சுற்றி, டிபன் கேரியருக்குப் பக்கத்தில் செருகி, கோலார் தங்கவயலிலிருந்து காலை ரயிலில் பெங்களூருக்குக் கொண்டுவருவாள். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. உள்ளே இருக்கும் ஒரு கண்ணாடியைக் கழற்றி, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பிடிக்கும்படி மாற்றியிருந்தாள். அதில் பச்சை இலையெல்லாம் பனி மூடியதுபோல் வெள்ளையாக வரும், வானம் கறுத்துவிடும். என்னிடமும் அப்படி ஒன்று உண்டு. தொம்மலூர் அலுவலகத்தில் சேர்ந்த முதல் வருடமே புதிதாக வாங்கி மாற்றியது. அவளுடையதைவிட எல்லா விதத்திலும் உசத்தி. இந்தப் பைத்தியம் வீட்டில் முதலில் பிடித்ததும் எனக்குத்தான், என்னைப் பார்த்துத்தான் அவள் ஆரம்பித்தாள். இதைச் சொல்லிவிட்டே மேலே போகவேண்டும், ஏனென்றால் வேறு யாரும் சொல்வதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன், நாங்கள் இருவரும் இருந்த புகைப்படக் குழு ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு கண்காட்சி வைத்தது. காட்டுப் படத்துக்கு ஒரே இடம், வாசலுக்கு நேரெதிரே இருந்த சுவர். அந்தச் சுவர் எனக்கு வேண்டும். ஒரு ஞாயிறு காலை இருவரும் துரஹள்ளிக் காட்டுக்குப் போனோம். வேலை இதுதான்: கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி முதலில் வேகமாக ஒரு படம், எல்லாம் கூர்மையாக. பிறகு காற்றுக்குக் காத்திருந்து மெதுவாக இன்னொன்று. அதில் இலைகள் புகைபோல் ஓடியிருக்கும். அப்புறம் கணினியில் ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, மரத்தண்டை முதல் படத்திலிருந்தும் இலையை இரண்டாவதிலிருந்தும் எடுத்துக் கலக்கவேண்டும். நடுவே கேமரா ஒரு நூல்கூட நகரக் கூடாது.

நான் எடுத்ததிலெல்லாம் இலைகள் கஞ்சிபோல் குழம்பிக் கிடந்தன. அவளோ ஸ்டாண்டை முழங்கால் உயரத்துக்கு விரித்து, பக்கத்தில் குந்தி, முதல் படத்தை எடுத்துவிட்டு உச்சிக் கிளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் எவ்வளவு நேரம் என்றேன்.

“சும்னே நில்லுண்ணா. காத்து இன்னா உன் ஆபீஸ் கேபா, புக் பண்ணா வர்றதுக்கு?”

அதில் சிரிக்க ஒன்றுமில்லை. காற்று எழுந்தது. அவள் முகம் மேலே இருந்தது. ஸ்டாண்டின் முன்காலை ஷூ முனையால் மெல்லத் தட்டினேன். அதே நொடியில் அவள் கையிலிருந்த ரிமோட்டை அழுத்தினாள்.

படம் கெட்டிருக்கவேண்டும். ஆனால் அவள் இரண்டையும் கலந்து முடித்தபோது, ஒவ்வொரு தைல மரத்துக்கும் பக்கத்தில் அதே மரம் மங்கலாக, தன்னைவிட்டுத் தானே எழுந்து நடக்கப் பார்ப்பதுபோல் நின்றது. வாசல் சுவர் அவளுக்குப் போனது. என் படம் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

கண்காட்சியன்று எப்படிச் செய்தீர்கள் என்று ஒருவர் அவளைக் கேட்டார். “நான் ஒண்ணும் பண்ணலீங்க. ஸ்டாண்டு கொஞ்சம் அசைஞ்சிடுச்சு.” நான் டீயோடு பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அசைந்ததாம். அந்தப் படத்தில் எல்லோரும் பேசுகிற ஒரே விஷயம் என்னுடையது. அதை எனது என்று கேட்கவேண்டுமானால், என்ன செய்தேன் என்பதையும் சொல்லவேண்டும்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறுகள் என் ஸ்டாண்டை நானே தட்டிப் பார்த்துவிட்டேன். மரம் இரண்டாகத் தெரிகிறது, அவ்வளவுதான். எழுந்து நடப்பதில்லை.

போன மாதம் அவள் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, ஸ்டாண்டைத் தட்டியதைச் சொல்லிவிட்டேன். மனம் உறுத்தியதால் அல்ல. என் பங்கு எனக்கு வரட்டும் என்றுதான். அவள் தோசையை மென்றுகொண்டே போனைத் துழாவி, வெட்டாத படத்தை எடுத்துக் காட்டினாள். கீழ் மூலையில் வெள்ளை வெளேரென்று ஒரு பேண்ட் கால். நான் அன்று போட்டிருந்தது கறுப்பு. சில கறுப்புத் துணிகள் அகச்சிவப்பில் வெளுத்துவிடும். அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்.

“அப்பவே தெரிஞ்சிருந்தா ஏன் கேக்கல?”

“கேட்டா, பாதிப் படம் என்னுதுன்னு வந்து நிப்பே. அதான் உன் காலை வெட்டிட்டு கம்முனு இருந்தேன்.”

அந்த வெட்டாத படத்தை எனக்கு அனுப்பச் சொன்னேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இன்னொரு தோசை கேட்டாள். இதுவரை அனுப்பவில்லை.