ராணுவ லாரியில் பீகாருக்கு

என் நாத்தனார் பீகாரில் ஒரு கன்னியர் மடத்தில் இருந்தாள். எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம், கோடை முடிந்ததும் அவளுக்கு நித்திய வார்த்தைப்பாடு என்று தகவல் வந்தது. சாகும்வரை துறவியாகவே இருப்பேன் என்று வாக்குக் கொடுக்கிற நாள் அது. பெற்றவர்கள் பக்கத்தில் இருந்தாக வேண்டும். மாமனார் காலமாகி நாளாகியிருந்தது. வீட்டில் அத்தை, என் கணவர், நான் மூன்று பேர்தான். கம்பைநல்லூரிலிருந்து மாரண்டஹள்ளிப் பக்கம் நான் வாழவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"ரயில்லயே போயிரலாம்மா" என்றார் கணவர், சாப்பிட்டுக்கொண்டே.

"ரயிலு நாம நெனச்ச எடத்துல நிக்குமா?" என்றார் அத்தை. "எறங்கி ஒரு வாய் வெத்தல துப்ப முடியுமா? நம்ம லாரிதான் வாசல்ல சும்மா நிக்குதே."

அந்த லாரி ராணுவ ஏலத்தில் எடுத்தது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. மழைக்காலச் சேற்றில் தக்காளி ஏற்றப் பயன்படும் என்று கணவர் வாங்கியிருந்தார். பாலக்கோட்டைத் தாண்டி அது போனதே இல்லை. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய் லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நான் எச்சில் கையோடு பின்னால் ஓடினேன்.

"போவுமாங்க?" என்றேன்.

"போவும்" என்றார். அந்த ஒரு சொல்லில் எங்கள் மூன்று பேருக்கும் பித்துப் பிடித்துவிட்டது.

ராயக்கோட்டையிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தோம். வீட்டில் கன்னடம் பேசுகிறவர், பெரிய மீசைக்காரர். லாரிக்கு அடியில் படுத்து வெகுநேரம் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்து, "எஞ்சின் ராஜா. மத்ததெல்லாம் பிச்சக்காரன்" என்று தீர்ப்புச் சொன்னார். அதன்பிறகு எங்கள் புளியமரத்தடியே பட்டறையானது. சக்கரங்கள் கழன்றன. வில்பட்டைகள் கழன்றன. பின் அச்சுக்குள் இருந்த பல்சக்கரப் பெட்டி வெளியே வந்தது, அடுத்த நாள் முன் அச்சிலிருந்ததும் வந்தது. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, கித்தான் சாக்கில் பரப்பி வைத்தோம். கோழிகள் அதன்மேல் நடந்து போயின.

கிரீஸ் அடிக்கும் வேலை எனக்கு. கணவரின் பழைய சட்டையைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு, கிரீஸ் துப்பாக்கியோடு வண்டிக்கு அடியில் ஊர்ந்துகொண்டிருப்பேன். ஒரு மூட்டில் வைத்து அழுத்தினால் பழைய கறுப்புக் கிரீஸ் பிதுங்கி வெளியே வரும், பின்னாலேயே புதியது பளபளவென்று வரும். அதில் அப்படி ஒரு சந்தோஷம் இருக்கிறது என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. மூக்கில், காதில், தாலிக் கயிற்றில் எல்லாம் கிரீஸ். பூசைக்குப் போனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்து உட்காருவார்கள்.

அத்தை வண்டியின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டார். இரும்பு வளைவுகள் வைத்துத் தார்ப்பாய் கட்டியாயிற்று. ஒருபக்கம் தண்ணீர் டிரம், ஒருபக்கம் படுக்கப் பலகை. நடுவில் அம்மிக்கல் வேண்டும் என்றார்.

"அம்மியா? எதுக்கும்மா?"

"அங்க போயி யாருகிட்ட போய் நிப்பேன் சட்னிக்கு? வண்டி தூக்குதா தூக்கலயா, அத மட்டும் சொல்லு."

வண்டி தூக்கும். அம்மி ஏறியது. ராகி மாவு ஒரு மூட்டை, களி கிண்டும் துடுப்பு, புளி, மிளகாய், மண்ணெண்ணெய் அடுப்பு எல்லாம் ஏறின. பிறகு ஒருநாள், கோயிலுக்கு அடித்து மிச்சமான நீலப் பெயிண்டைப் பங்குச் சாமியாரிடம் கேட்டு வாங்கிவந்துவிட்டார். மாதா நிறத்தில் போனால் வழியில் ஒன்றும் ஆகாதாம். பெயிண்ட் கதவுகளுக்கும் முன்மூக்குக்கும்தான் போதுமானதாக இருந்தது. பின்பாதி ராணுவப் பச்சையாகவே நின்றது. நாங்கள் மூவரும் சாலையில் தள்ளி நின்று பார்த்துவிட்டு, உலகத்திலேயே இதைவிட அழகான வண்டி கிடையாது என்று உண்மையாகவே நம்பினோம்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி முடித்த வார ஞாயிறு, பூசை முடிந்ததும் சின்னாற்றுக்கு ஓட்டிப் போனோம். ஆறு வறண்டு மணலாகக் கிடந்தது. நாலு சக்கர இழுப்பைச் சோதிக்க அதைவிட நல்ல இடம் ஏது? ஊரில் பாதிப் பேர் கரையில் வந்து நின்றார்கள். கணவர் ஓட்ட, பக்கத்தில் மெக்கானிக். அத்தை இறங்க மறுத்துவிட்டார். பின்னால் அம்மிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் கட்டி உட்கார்ந்துகொண்டார். நான் மட்டும் கரையில் நின்றேன், சக்கரம் எப்படிச் சுற்றுகிறது என்று பார்த்துச் சொல்ல.

நடுமணலில் வண்டியை நிறுத்திவிட்டு, முன் சக்கரங்களுக்கு இழுப்புக் கொடுக்கும் நெம்புகோலை இழுத்தார்கள். எஞ்சின் உறுமியது. வண்டி நகரவில்லை. அங்கேயே நின்று நடுங்கியது.

"இன்னும் குடுங்க! குடுங்க!" என்று மெக்கானிக் கத்தினார்.

அப்போதுதான் பார்த்தேன். பின் சக்கரங்கள் முன்னோக்கிச் சுற்றின. முன் சக்கரங்கள் பின்னோக்கிச் சுற்றின. பின் சக்கரத்து மணல் பின்னால் பறந்தது, முன் சக்கரத்து மணல் முன்னால் பறந்தது. வண்டி ஒரு அங்குலம்கூட அசையாமல், கம்பீரமாக, நேராகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"முன் சக்கரம் ரிவர்ஸ்ல சுத்துதுங்க!" என்று கத்த வாயைத் திறந்தேன். சிரிப்புத்தான் வந்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையை ஆட்டியபடி மணலில் உட்கார்ந்துவிட்டேன். கரை முழுக்கச் சிரித்தது. கணவர் நான் கை ஆட்டுவதைப் பார்த்து உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்து இன்னும் மிதித்தார். கடைசியில் அத்தைதான் தார்ப்பாய்க்கு வெளியே தலையை நீட்டி, "டேய், கெணறு வெட்றியாடா? நிறுத்துடா!" என்றார்.

மெக்கானிக் இறங்கிவந்து குனிந்து பார்த்தார். மீசையைத் தடவினார்.

"முன்பக்கப் பெட்டியத் தலகீழா மாட்டிட்டோம்" என்றார்.

"மாட்டிட்டோமா? யாரு மாட்டுனது?" என்றார் அத்தை.

"எல்லாருந்தாம்மா. நீங்களுந்தான் ஸ்பேனர் எடுத்துக் குடுத்தீங்க."

அத்தை ஒரு நொடி முறைத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியில் கட்டுண்டபடியே, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். மாமனார் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன் என்று பக்கத்து வீட்டு அக்கா என் காதில் சொன்னாள்.

கயிறு கட்டி ஊரே சேர்ந்து இழுத்து வண்டியை வெளியே எடுத்தது. பெட்டியைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு, மறுவாரம் அதே மணலுக்கு வந்தோம். இந்தமுறை நானும் ஏறிக்கொண்டேன். நெம்புகோலை இழுத்ததும் வண்டி ஒரு சின்னக் குலுக்கலோடு பிடித்துக்கொண்டது. மணலைத் தாண்டியது. எதிர்க்கரையில் செங்குத்தாக ஏறியது. ஏறிய பிறகும் கணவர் நிறுத்தவில்லை. கொள்ளுக்காட்டு வரப்போரமாக, பஞ்சப்பள்ளிச் சாலை வரைக்கும் ஓட்டினார். அம்மி கடகடவென்று ஆட, அத்தை பின்னாலிருந்து, "வுடு! வுடு! நிறுத்தாத!" என்று கத்திக்கொண்டே வந்தார். எனக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. நானும் கத்தியிருக்கிறேன்போல.

புறப்பட்ட காலையில் சாமியார் தீர்த்தம் தெளித்தார். மெக்கானிக் ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிப் பார்த்துவிட்டு, "எங்கயாவது நின்னுட்டா என் பேரச் சொல்லாதீங்க" என்று வழியனுப்பினார். கணவரின் முகம் கல்யாணத்தன்றுகூட அப்படி இல்லை. கிருஷ்ணகிரி தாண்டி நெடுஞ்சாலை அகலமாக விரிந்தபோது, அத்தை பின்னாலிருந்து கேபின் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தோளைத் தட்டினார்.

"பீகாரு வந்துருச்சா?"

வரவில்லை. நாட்கணக்கில் போனோம். வழியெல்லாம் களி கிண்டினோம், டயர் மாற்றினோம், நினைத்த இடத்திலெல்லாம் நின்றோம். வார்த்தைப்பாட்டுக்கு முந்தின சாயங்காலம், பாதி நீலமும் பாதிப் பச்சையும் முழுக்கத் தூசியுமாக மடத்து வாசலில் போய் நின்றோம். வெள்ளை உடுப்பில் ஓடிவந்த நாத்தனார் வண்டியைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், ஏணியில் பின்னோக்கி இறங்கிக்கொண்டிருந்த தன் அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, இதுலயா வந்த?"

"வேற எதுல வருவாங்க?" என்றார் அத்தை, கடைசிப் படியில் காலைத் துழாவிக்கொண்டே. "புடி, புடி. கை குடுடி மொதல்ல."