கலைவாணி கற்றுக்கொடுத்த ஓசை

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிற தோணிரேவில் கலைவாணியைத் தெரியாதவர்கள் கிடையாது. இறால் தடவப் போகிற பொம்பளைக்குப் புத்தகம் எதற்கு என்று முதலில் கேட்டவன் அவள் புருஷன் மாசிலாமணி. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போய்விட்டு வந்து, சோற்றுத் தட்டைக் கையில் வாங்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக் காட்டுவான். பிறகு ஊரும் சேர்ந்துகொண்டது. கலைவாணி யாருக்கும் பதில் சொன்னதில்லை. சிரிக்கிறவர்களுக்கு வேறு வேலை இல்லை, தனக்கு இருக்கிறது என்று போய்க்கொண்டே இருப்பாள்.

புத்தகம் என்றால் ஊர்ப்பட்ட புத்தகங்கள் இல்லை. ஒன்றே ஒன்றுதான். ‘கழிமுகத்தரசி’ என்று ஒரு தடித்த நாவல். பழவேற்காடு நூலகத்திலிருந்து எடுத்து வந்து, திருப்பிக் கொடுத்து, மறுபடி எடுத்து, கடைசியில் தனக்கென்றே ஒன்று வாங்கி வைத்துக்கொண்டாள். மந்திரவாதிகளும் பேசும் பறவைகளும் நிறைந்த மாயக்கதைதான். ஆனால் அதில் வருகிற முத்தாரி அரண்மனையில் பிறந்தவள் இல்லை. உப்பு ஏரியில் கையால் இறால் தடவி வயிறு வளர்க்கிற கூட்டத்துப் பெண். ஏரியின் வாயை ஒரு ராஜா மந்திரச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறான். முத்தாரி தன் கூட்டத்துப் பெண்களைத் திரட்டிக்கொண்டு இருட்டில் நீருக்குள் நகர்ந்துபோய் அந்தச் சுவரை உடைக்கிறாள். தன்னைப் போல ஒருத்தியைப் புத்தகத்தில் பார்த்தவளுக்கு வேறு புத்தகம் எதற்கு?

இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஏரியில் இறால் தடவுகிற பெண்களுக்கு வேலை நேரத்தில் வாய் கிடையாது. கழுத்தளவு தண்ணீரில் முட்டி போட்டு நகர்ந்தபடி இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும். அகப்பட்டதைப் போடுவதற்கு, பனையோலையில் பின்னிய பறியைக் கயிற்றோடு பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். வாயைத் திறந்தால் பறி போய்விடும். அதனால் மூக்காலேயே பேசிக்கொள்வார்கள். குட்டையாக ஒரு ‘ம்’ வந்தால் இங்கே இறால் இருக்கிறது, வா என்று பொருள். அடிவயிற்றிலிருந்து நீளமாக இழுத்து, கடைசியில் சற்றே மேலே ஏறி நின்றால், இங்கே திருக்கை படுத்திருக்கிறது, காலை எடுக்காதே, அப்படியே நில் என்று பொருள். திருக்கையின் வாலடி பட்டவர்களுக்கு அந்த ஓசையின் அருமை தெரியும்.

கரையேறி, இறாலைத் தரம் பிரிக்க உட்கார்ந்ததும் கலைவாணி கதையை எடுத்துவிடுவாள். அவளை விட மூத்த அம்மணி, “இன்னாடி, உன் முத்தாரி இன்னிக்கு எங்க கீறா?” என்று கேலியாகத்தான் ஆரம்பிப்பாள். ஆனால் கதையை நடுவில் நிறுத்தினால் முதலில் முறைப்பவளும் அம்மணிதான். வருஷக்கணக்கில் அந்தக் கதை அவர்களுக்குள் ஊறியிருந்தது.

கதையைக் காதில் வாங்காதவள் ஒருத்தி மட்டுமே. கலைவாணியின் மகள் மோகனப்பிரியா. பொன்னேரியில் கல்லூரிக்குப் போகிறவள். அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டால் ‘மீன் பிசினஸ்’ என்று சொல்லிவைத்திருந்தாள். ஒரே பேருந்தில் ஏற நேர்ந்தால் முன்பக்கம் போய் நின்றுகொள்வாள். திட்டினாலாவது பதிலுக்குத் திட்டலாம். கூச்சப்படுகிறவளை என்ன செய்வது? நாலு பேர் முன்னால் ஒரே ஒரு முறை, இது எங்கம்மா என்று இந்தப் பெண் நிமிர்ந்து சொல்ல வேண்டும். கலைவாணிக்கு உலகத்தில் வேறு பெரிய ஆசை எதுவும் இருக்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ‘கழிமுகத்தரசி’ படமாகிறது, அதுவும் இரண்டு பாகமாக, என்று செய்தி வந்தது. கொஞ்ச நாளில் ஹேமந்த் என்கிற உதவி இயக்குநர் ஒருவன் தோணிரேவுக்கே வந்து நின்றான். கையால் இறால் பிடிப்பதை நேரில் பார்க்க வேண்டுமாம். அவன் கையில் அதே புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டுக் கிடந்தது. அதைப் பார்த்ததும் கலைவாணிக்குத் தலைகால் புரியவில்லை. சொந்தக்காரன் வந்ததைப் போலச் சாப்பாடு போட்டாள். தண்ணீரில் இறங்கி எல்லாம் செய்து காட்டினாள். அந்த ஓசையையும் காட்டப் போனபோது அம்மணி தடுத்தாள்.

“நம்ம சத்தத்த இன்னாத்துக்குடி வெளியாளுக்குக் காட்டுற?”

“பொஸ்தகத்துல எழுதுனவரு சைகை குடுத்தாங்கன்னு ஒரே வார்த்தைல வுட்டுட்டாருக்கா. இன்னா சைகைன்னு போடல. படத்துலயாவது சரியா வரட்டும்” என்றாள் கலைவாணி.

ஹேமந்த் ரோமம் வைத்த மைக் ஒன்றை நீட்டினான். அவள் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து இழுத்துக் காட்டினாள். நீளமானது நன்றாக இருக்கிறது, இன்னொரு முறை என்றான். இன்னொரு முறையும் இழுத்தாள். இது முத்தாரிக்குத்தானே என்று கேட்டதற்கு, அவங்க கூட்டத்துக்குக்கா என்றான். பொய் சொன்னான் என்றும் சொல்வதற்கில்லை.

முதல் பாகம் வந்தது. அதில் அந்த ஓசை இல்லை. ஆனால் சிறுமி முத்தாரி பறியைக் கடித்துக்கொண்டு இறால் தடவுகிற காட்சி இருந்தது. சூரியன் பின்னால் இருந்து அடிக்க, அவ்வளவு அழகாக எடுத்திருந்தார்கள். தோழிகளோடு அதைப் பார்த்துவிட்டு வந்த மோகனப்பிரியா, சோற்றைப் பிசைந்தபடி, “எங்க ஊர்லயும் இப்டித்தான் புடிப்பாங்கன்னு சொன்னேம்மா. சூப்பர்னாங்க” என்றாள். எங்கம்மா என்று சொல்லவில்லை, எங்க ஊர் என்றுதான் சொல்லியிருந்தாள். ஆனாலும் கலைவாணிக்கு அன்றைக்குச் சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை. பாதி தூரம் வந்துவிட்டாள், மீதியை இரண்டாம் பாகம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினாள். சுவரை உடைக்கிற கட்டமே இரண்டாம் பாகத்தில்தானே வருகிறது.

இரண்டாம் பாகம் வந்தபோது இறால் தடவுகிற பெண்கள் அத்தனை பேரையும் அவளே கூட்டிக்கொண்டு பொன்னேரிக்குப் போனாள். தியேட்டர் வாசலில் கட்-அவுட்டுக்கு மாலை, தாரை தப்பட்டை, பட்டாசு. உள்ளே உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் முத்தாரி ஏரிக்காரி இல்லை என்று தெரியவந்தது. அவள் இளவரசியாம். தொட்டிலில் கிடந்தவளை ஏரிப் பெண்கள் திருடிக்கொண்டு வந்துவிட்டார்களாம். அந்த ஏரிப் பெண்களும் பெண்கள் இல்லையாம், ஊமணங்குகளாம், வாய் பேசாத பேய்களாம். சேறு வழிகிற உடம்பு, வெள்ளை விழி, பல்லில் ஓலைப் பறி. பறிக்குள் பிள்ளைகளின் விரல்கள்.

அவை வருவதற்கு முன்னால் ஓசை வரும். நீளமாக இழுத்து, கடைசியில் சற்றே மேலே ஏறி நிற்கும். தியேட்டரின் நாலு சுவரிலிருந்தும் அது வந்தபோது கலைவாணி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். தடிமனாக்கியிருந்தார்கள், எதிரொலி சேர்த்திருந்தார்கள். ஆனாலும் அவள் குரல் அவளுக்குத் தெரியாதா? முதல் தடவை ஜனம் பயந்தது. அடுத்த தடவை விசிலடித்தது. இடைவேளைக்குள் பால்கனியிலிருந்து தரை டிக்கெட் வரை எல்லாரும் சேர்ந்து இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் நாயகன் ஏரிக்குத் தீ வைத்து அத்தனை ஊமணங்குகளையும் கொளுத்தியபோது காகிதத்தைக் கிழித்துப் பூப்போலத் தூவினார்கள். பழவேற்காட்டுப் பெண்கள் ஒரு வரிசை முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஊர் வந்து பேருந்தை விட்டு இறங்கும்போது அம்மணி, “அது உன் கொரல்டி” என்றாள்.

“ஆமாக்கா.”

“நான் அப்பவே சொன்னேன்.”

அதற்குப் பிறகு இறால் பிரிக்கிற இடத்தில் யாரும் கதை கேட்கவில்லை.

கலைவாணியின் செல்போனில் அந்த நாவலுக்கென்றே ஒரு வாசகர் குழு இருந்தது. அங்கேயாவது நியாயம் இருக்கும் என்று எதிர்பார்த்தாள். இருந்தது, கொதித்துக்கொண்டிருந்தார்கள். நாவலில் இடதுகைக்காரனான வில்லன் படத்தில் வலதுகையால் வாள் வீசிவிட்டானாம். ராஜாவின் குதிரை வெள்ளையாம், படத்தில் கறுப்பாம். நாவலுக்குச் செய்த துரோகம் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். படத்தின் ரசிகர்கள் உள்ளே புகுந்து பதிலுக்குத் திட்டினார்கள். இவ்வளவு சண்டையிலும் ஏரிப் பெண்களைப் பேய்களாக்கியதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வாள் இருக்கிற கையைப் பார்த்தவர்களுக்குப் பறி இருக்கிற வாய் தெரியவில்லை.

யோசித்து யோசித்து அவளே எழுதினாள். நாவலில் அவர்கள் நல்லவர்கள், நாங்கள் இன்றைக்கும் இப்படித்தான் இறால் பிடிக்கிறோம், அந்த ஓசை ஆபத்துக்கு எச்சரிக்கை செய்கிற ஓசை என்று எழுதினாள். படத்தைப் படமாகப் பாருங்கள் ஆன்ட்டி என்று ஒருவன் புத்தி சொன்னான். இன்னொருத்தி, அப்படியானால் நீங்கள் நிஜ ஊமணங்கா, ஒரு போட்டோ போடுங்களேன் என்று கேட்டாள். அதற்குக் கீழே விழுந்த சிரிப்புப் பொம்மைகளை எண்ணி மாளாது. கலைவாணி குழுவை விட்டு வெளியே வந்தாள். அவள் போனதை யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை.

மகள் படம் பார்த்துவிட்டாளா என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. மகளும் சொல்லவில்லை. வீட்டுக்குள் அந்தப் படம் வராமலே இருக்கட்டும் என்று இரண்டு பேரும் பேசி வைத்தது போல நடந்துகொண்டார்கள்.

ஆனால் ஊருக்குள் வந்துவிட்டது. ஊமணங்கு ஏரி என்று யாரோ போட்ட ரீல்ஸைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து பைக்கில் வந்து இறங்கினார்கள். கரையில் நின்று செல்போனைத் தூக்கிப் பிடித்து ‘ம்ம்ம்’ என்று இழுப்பதும், சிரிப்பதும், போவதுமாக இருந்தார்கள். முதலில் சேற்றை வாரி எறிந்த அம்மணி, பிறகு அதையும் விட்டுவிட்டாள். எறிந்தால் அதையும் படம் பிடித்தார்கள்.

அன்றைக்கு வேலை முடித்து, பறியைக் கடித்தபடி பெண்கள் கரையைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். கரையில் ஒரு கல்லூரிக் கூட்டம் காத்திருந்தது. ஓசை கிளம்பியது. படத்தில் கேட்டதை வைத்து ஆளாளுக்குத் தொண்டையிலிருந்து என்னவோ உறுமினார்கள். பெண்கள் பொருட்படுத்தாமல் வந்துகொண்டிருந்தார்கள்.

திடீரென்று கலைவாணியின் கால் நின்றுவிட்டது. அவளாக நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. அம்மணியும் நின்றாள். எல்லாரும் தண்ணீருக்குள் அப்படியே உறைந்து நின்றார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே ஒரே ஒரு குரல் சரியாக இழுத்திருந்தது. அடிவயிற்றிலிருந்து எழுந்து, அளவாக நீண்டு, கடைசியில் எங்கே ஏற வேண்டுமோ அங்கே ஏறி நின்றது. அவர்கள் நின்றதைப் பார்த்துக் கரை விழுந்து விழுந்து சிரித்தது.

கலைவாணி நிமிர்ந்து பார்த்தாள். கூட்டத்தின் நடுவில் மோகனப்பிரியா நின்றிருந்தாள். கைப்பிள்ளையாகக் கரையில் கிடந்து அந்த ஓசையைக் கேட்டு வளர்ந்தவள். வேறு யாருக்கு அப்படி வரும்? அம்மாவின் கண்ணைப் பார்த்ததும் மகளின் வாய் மூடிக்கொண்டது. பக்கத்தில் நின்ற பெண், நீதான்டி பர்ஃபெக்ட், இன்னொரு வாட்டி பண்ணு என்று அவள் தோளைத் தட்டினாள்.

அம்மணிக்கும் தெரிந்துவிட்டது. பறியை வாயிலிருந்து எடுக்கக் கையைத் தூக்கப் போனாள். கலைவாணி அந்தக் கையைத் தண்ணீருக்குள்ளேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கரையேறியதும், ஈரம் சொட்டச் சொட்ட, அந்தக் கூட்டத்தை ஒட்டியே நடந்து போனாள். யாரையும் தெரியாதவள் மாதிரி போனாள்.

தோழிகளைப் பொன்னேரி பஸ் ஏற்றிவிட்டு மோகனப்பிரியா வீட்டுக்கு வந்தாள். கலைவாணி சோறு போட்டு வைத்தாள். மகள் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“எல்லாரும் பண்ணாங்கம்மா. நான் மட்டும் சும்மா நின்னா ஏன்னு கேப்பாங்க.”

“கேட்டா இன்னா?”

மகள் தட்டின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். வரும் வழியெல்லாம் கலைவாணி சேர்த்து வைத்த வார்த்தைகள் நிறைய இருந்தன. பெற்றவள் கேட்கக் கூடாத கேள்விகளும் அவற்றில் இருந்தன. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த முகத்தில் பயம்தான் இருந்தது. அந்தப் பயம், செய்ததற்கானது இல்லை. அம்மா நாளைக்கு அந்தக் கூட்டத்தின் முன்னால் வந்து நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவாளோ என்கிற பயம். கலைவாணிக்கு அது புரிந்தது. புரிந்ததும் எல்லா வார்த்தைகளும் போய்விட்டன.

“இனிமே உன் பிரெண்டுங்க வர்றாப்புல இருந்தா முன்னாடியே சொல்லிடு. நான் அந்தாண்ட கரையா ஏறி வந்துடறேன்” என்றாள்.

வேண்டாம்மா என்று ஒரு பேச்சுக்காவது சொல்லுவாள் என்று கலைவாணி ஒரு கணம் காத்திருந்தாள்.

மோகனப்பிரியாவின் முகம் தெளிந்தது. தட்டைத் தன் பக்கம் இழுத்து, சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டாள்.

“ஞாயித்துக்கெழம இன்னொரு செட்டு வருதும்மா” என்றாள்.