மூன்று வலக்கைகளும் ஒரு பேரமும்

டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் ஒரு பழம்பொருள் கடையில் அந்தப் படத்தைக் கண்ட நாளிலிருந்து எனக்கு நித்திரை கெட்டது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் நீண்ட கூந்தலும் தீராத கவலையுமாகப் பெண்களை வரைந்து தள்ளிய பிரீ-ராபலைற் கூட்டத்தில் யாரோ ஒருவர், பெரிய ஓவியம் தீட்டுமுன் பென்சிலால் போட்டுப் பார்த்த ஒரு பெண்ணின் படம். இந்த வயதில் மற்ற ஆண்கள் விலைகூடிய சைக்கிள் வாங்குகிறார்கள். எனக்கு அவள் வேண்டும்.

விலைதான் இடித்தது. ஆகவே மனைவியைக் கூட்டிப்போனேன். யாழ்ப்பாணச் சந்தையில் பேரம் பேசி மீன்காரிகளையே கண்கலங்க வைத்தவர். வாசலில் வைத்தே சொல்லிவிட்டார்:

"இஞ்சாருங்கோ, ஆசையை முகத்தில காட்டாதேங்கோ. குறை சொல்லுங்கோ. பிறகு வேண்டாமெண்டு நடவுங்கோ. கடைக்காரரே கூப்பிடுவார்."

சொன்னேன். பெண்ணுக்கு வலக்கை மூன்று, ஒன்றன்மேல் ஒன்று. கால்களைக் காணோம். ஒரு கண் மற்றதோடு கோபம். இத்தனை வருடம் கலைநூல் படித்ததன் பயன் எல்லாம் என் டேனிஷில் பொங்கி வழிந்தது. கடைக்காரர் கதிரை, விளக்கு விற்கிற சாதுவான மனிதர். படம் யாரோ வீடு காலிசெய்தபோது அவரிடம் வந்தது. கிட்டப் போய்க் கைகளை எண்ணிப் பார்த்தார். முகம் வாடியது.

வேண்டாமென்று நடந்தோம், தேர் நகர்கிற வேகத்தில். கதவு வந்தது, குரல் வரவில்லை. வெளியே மழைத் தூறலில் நின்றோம்.

"பொறுங்கோ, இப்ப கூப்பிடுவார்."

இந்த நாட்டில் வேண்டாமென்றால் வேண்டாம்தான். வரி கட்டத் தொடங்கிய காலத்திலிருந்தே எனக்கு அது தெரியும். கண்ணாடி வழியே பார்த்தால், மனிதர் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களே, எங்களுக்குத்தான் சுத்திக் கட்டப்போறார்," என்றார் மனைவி.

உள்ளே ஓடினேன். கடைக்காரர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். இத்தனை பிழையுள்ள பொருளை விற்க மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லையாம். கோபன்ஹேகனில் ஓவியம் தெரிந்தவர்களிடம் காட்டப் போகிறாராம். நான் பதறிப்போய், போட்டிருந்த விலைக்கே தரச் சொன்னேன். ஓவியர் கைக்கு இடம் தேடித் தடுமாறிய அந்த மூன்று கைகளுக்காகவே அதை விரும்பினேன் என்றேன். அன்று நான் சொன்ன ஒரே உண்மை அது.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"நீங்கள் நல்ல மனிதர். என் மனம் நோகக்கூடாது என்று சொல்கிறீர்கள்," என்று கதவைத் திறந்து பிடித்தார்.