கணக்கு டீச்சர் கேஸ்

எங்கள் பள்ளிக்கு ஒரு கணக்கு டீச்சர் வேண்டும் என்று கேட்டதைத் தவிர நான் ஒரு குற்றமும் செய்யவில்லை. அதற்கு என்னை நான்காம் எதிர்மனுதாரர் ஆக்கிவிட்டார்கள். முதல் மூன்று பேர் அதிகாரிகள். அவர்கள் சார்பில் அரசு வக்கீல் வந்துவிடுவார். ஐந்தாவது, எங்கள் தாளாளர் ஃபாதர். அவருக்கு முட்டிவலி. ஆகவே மலைமேலிருந்து பஸ் ஏறி, கொடைக்கானலில் மாறி, மலை இறங்கி, மதுரை கோர்ட்டில் போய் உட்கார்ந்து, "தள்ளி வைக்கப்பட்டது" என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்பி வரும் வேலை தலைமை ஆசிரியையான என் தலையில் விழுந்தது.

பூம்பாறைக்குப் போகும் சாலையில், பூண்டு வயல்களுக்கு மேலே இருக்கிறது எங்கள் பள்ளி. மிஷன் பள்ளி. சம்பளம் அரசாங்கம் தரும், டீச்சரை நாங்கள் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஆறு முதல் பத்து வரை, வகுப்புக்கு ஒரே பிரிவு. இருந்த கணக்கு டீச்சர் ஓய்வு பெற்றபின் அந்த இடத்தை நிரப்ப அனுமதி வாங்குவதற்குள் எனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. நேர்முகம் வைத்தோம். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். இருவருமே தனியார் பள்ளிகளில் பல வருஷம் கணக்கு நடத்தியவர்கள். ஒருவர் வில்பட்டியில் கேரட்டும் பீன்ஸும் போடும் குடும்பத்துப் பெண். இன்னொருவரின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து கீழ்மலையில் ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தது. வில்பட்டி டீச்சர், எஸ்டேட் டீச்சர் என்றே சொல்லிவிடுகிறேன். பெயரைச் சொன்னால் அதற்கும் யாராவது ஒரு மனு போடுவார்கள்.

படிப்பு, மதிப்பெண், அனுபவம் எல்லாம் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிள்ளைகள் முன்னால் பாடம் நடத்திக் காட்டட்டும், டெமோ கிளாஸைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று கமிட்டி சொன்னது. ஒன்பதாம் வகுப்பை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி. இருவருக்கும் ஒரே பாடம், முக்கோணவியலின் தொடக்கம். ஒரே பாடம் கொடுத்தால்தானே ஒப்பிட முடியும்? அது நான் சொன்ன யோசனை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அன்றைக்குப் பார்த்து விடிய விடிய மழை. எஸ்டேட் டீச்சர் போனில் அழாத குறை. "வெள்ளனே கெளம்பிட்டேங்க மேடம். பெருமாள்மலைக்குக் கீழ மரம் விழுந்து கெடக்கு. அறுத்துக்கிட்டு இருக்காங்க. பஸ்ஸு நகர மாட்டேங்குது." கமிட்டிக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பாதிப் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் உட்கார வைப்பது? வந்தவர் மொத்த வகுப்புக்கும் எடுக்கட்டும் என்றார் ஃபாதர்.

வில்பட்டி டீச்சர் வாட்ச்மேன் கொட்டகையிலிருந்த ஏணியைத் தூக்கி வரச் சொன்னார். வகுப்புச் சுவரில் சாய்த்தார். "இந்த ஏணி செவுத்துல எவ்வளவு ஒசரத்துல நிக்கிது? ஏறாமச் சொல்லணும். யாரு சொல்லுவா?" பின்பெஞ்ச் பிள்ளைகள் வரைக்கும் எழுந்துவிட்டார்கள். கோணம், எதிர்ப்பக்கம், கர்ணம் எல்லாம் அந்த ஏணியிலேயே அடுத்தடுத்து வந்தன. நான் தமிழ் டீச்சர். படித்து முடித்த நாளோடு முக்கோணவியலைத் தலைமுழுகியவள். எனக்கே புரிந்தது.

மதியச் சாப்பாடு முடிந்த பிறகு எஸ்டேட் டீச்சர் நனைந்த சேலையோடு வந்து நின்றார். மழைக்கு அவரா பொறுப்பு? எடுக்கட்டும் என்றேன். பள்ளியில் இருப்பதே ஒரே ஒன்பதாம் வகுப்பு. அதே பிள்ளைகள், அதே பாடம், சுவரில் சாய்ந்தபடி அதே ஏணி. அவரும் சளைத்தவரில்லை. ஏணியின் காலை முன்னே இழுத்தார், பின்னே தள்ளினார், "இப்பக் கோணம் என்னாகும்?" என்றார். கேள்வி முடியும் முன்பே பிள்ளைகள் பதில் சொல்லிவிட்டார்கள். கமிட்டி மலைத்துப்போய் அவருக்குக் கொஞ்சம் கூடுதலாக மார்க் போட்டது. எஸ்டேட் டீச்சர் தேர்வானார்.

மறுநாளே வில்பட்டி டீச்சர் என் அறைக்கு வந்தார்.

"பிள்ளைங்க எப்படி மேடம் அப்படிப் பதில் சொல்லுச்சுக? காலையில நான் சொல்லிக் குடுத்ததுங்க. நான் வெள்ளாமை வச்சேன், அவங்க வந்து அறுத்துட்டாங்க."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. எஸ்டேட் டீச்சரைக் கேட்டால், "மரம் விழுந்ததுக்கு நான் என்னங்க செய்வேன்? குடுத்த கிளாஸ எடுத்தேன்" என்றார். அதிலும் தப்பில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற சண்டையைப் போல எரிச்சல் பிடித்தது வேறு இல்லை. யாரையும் மனதாரத் திட்டக்கூட முடியாது.

வில்பட்டி டீச்சர் கோர்ட்டுக்குப் போனார். தீர்ப்பு வரும்வரை அந்த இடத்தில் யாரையும் நியமிக்கக் கூடாது என்று தடை வந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மூலம் தற்காலிகமாக ஒருவரை வைத்துக்கொள்ளட்டுமா என்று எங்கள் வக்கீலிடம் கேட்டேன்.

"யார வைப்பீங்க? இந்த ரெண்டு பேருல ஒருத்தர வச்சா இன்னொருத்தர் விட மாட்டாங்க. மூணாவது ஆள வச்சா ரெண்டு பேரும் சேர்ந்து நம்ம மேல வருவாங்க. பேசாம இருங்க மேடம்."

"பிள்ளைங்களுக்கு யாரு சார் கணக்கு நடத்துறது?"

"பிள்ளைங்க இதுல பார்ட்டி இல்லையே மேடம்" என்றார்.

அவரை அடிக்கத்தான் தோன்றியது. அடிக்கவில்லை, அதற்கும் கேஸ் உண்டு. திரும்பி வரும் வழியில் கடையில் ஒரு கணக்கு கைடு வாங்கினேன்.

அந்த ஒன்பதாம் வகுப்பு பத்தாம் வகுப்பானது. கணக்கு டீச்சர் நான்தான். முதல் பெஞ்சில் ஒரு பெண். நர்ஸிங் படிக்க வேண்டும் என்பாள். அவள் அம்மா பூண்டு வயலில் கூலி வேலை பார்ப்பவர். "இது பத்துல பாஸானா மேல படிக்க வைக்கிறேங்க டீச்சர். பாஸாகலைன்னா எங்கூடக் காட்டு வேலைக்குத்தான்" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போயிருந்தார். மற்றப் பாடங்களில் அவளுக்குப் பயமில்லை. கணக்கு வகுப்பில் மட்டும் கையைத் தூக்குவாள். "ஏன் டீச்சர் அங்க மைனஸ் வந்துச்சு?"

"புக்குல வந்திருக்குல்ல? எழுது."

தமிழ் வகுப்பில் ஒரு பிள்ளை எனக்கு இப்படிப் பதில் சொல்லியிருந்தால் காதைத் திருகியிருப்பேன். அவள் எழுதினாள். மாதிரித் தேர்வில் ஓர் அதிசயம் நடந்தது. முக்கோணவியல் கேள்வியை மட்டும் மொத்த வகுப்பும் சரியாகப் போட்டிருந்தது. இரண்டு நல்ல டீச்சர்கள் ஒரே நாளில் இரண்டு முறை நடத்திய பாடம் அல்லவா? மற்ற கேள்விகளில் என் கைவண்ணம் தெரிந்தது. அந்தப் பெண்ணும் தோற்றிருந்தாள்.

மதுரையில் இதற்கிடையே ஏணியைப் பற்றி விவாதம் நடந்துகொண்டிருந்தது. "மனுதாரர் ஏற்பாடு செய்த கற்பித்தல் உபகரணமான ஏணியை ஆறாம் எதிர்மனுதாரர் பயன்படுத்தி ஆதாயம் அடைந்தார்" என்று மனுவில் எழுதியிருந்தார்கள். ஆறாமவர் எஸ்டேட் டீச்சர். எங்கள் வக்கீல் சும்மா விடுவாரா? "மேற்படி ஏணி பள்ளிக்குச் சொந்தமானது" என்று பதில் போட்டார். ஏணி யாருடையதாக இருந்தாலும் யோசனை யாருடையது என்று அந்தப் பக்கம் அதற்கு ஒரு பதில். இதிலேயே ஒரு மழைக்காலம் போய்விட்டது. எங்கள் வாட்ச்மேன் என்னிடம் வந்து பவ்யமாகக் கேட்டார், "டீச்சர், கூரையில தகரம் மாத்தணும். அந்த ஏணிய எடுக்கலாமுங்களா, இல்ல கேஸு முடியட்டுமுங்களா?"

கொடைக்கானலிலிருந்து மதுரைக்கு மூன்று பேரும் பெரும்பாலும் ஒரே பஸ்ஸில்தான் போவோம். அவர்கள் இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். வத்தலக்குண்டில் டீ குடிக்க இறங்கும்போது ஒருவர் வந்து மெதுவாக, "டென்த்துல போர்ஷன் எதுவரைக்கும் வந்திருக்கு மேடம்?" என்பார். அவர் நகர்ந்ததும் மற்றவர் வந்து அதையே கேட்பார். நான் இருவரிடமும் எரிந்து விழுவேன். கோர்ட் வராந்தாவில் ஒருநாள் எஸ்டேட் டீச்சர் சொன்னார், "எங்கப்பா சொல்லுவாருங்க, அங்க தோட்டத்துல விடிஞ்சதும் பெரட்டுக்களத்துல போயி வரிசையா நிப்பாங்களாம். பேரு கூப்பிட்டாத்தான் அன்னிக்கு வேலை. இது அதவிட மோசம்ங்க மேடம். பேரே கூப்பிட மாட்டேங்கறாங்க." பக்கத்து பெஞ்சில் இருந்த வில்பட்டி டீச்சர் சிரித்துவிட்டார். உடனே வாயை மூடிக்கொண்டார்.

கடைசியில் ஒருநாள் பெயரைக் கூப்பிட்டார்கள். நீதிபதி காகிதங்களைப் புரட்டிவிட்டு, இந்த ஏணியை விடுங்கள் என்றார். எனக்கு எழுந்து கும்பிட வேண்டும் போலிருந்தது. "இப்போது அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு யார் நடத்துகிறார்கள்?" என்று கேட்டார். வக்கீல்கள் எல்லோரும் தங்கள் கட்டுகளைப் பார்த்தார்கள். எங்கள் வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போலக் கையைத் தூக்கினேன்.

"நான்தாங்க ஐயா."

"உங்கள் பாடம் எது?"

"தமிழுங்க ஐயா."

அதற்கு மேல் அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. டெமோ கிளாஸை மறுபடியும் நடத்த வேண்டும், வெளியிலிருந்து ஒரு கணக்குப் பேராசிரியர் வந்து பார்க்க வேண்டும், பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும் என்று உத்தரவிட்டார். மார்க்கை அங்கே அறிவிக்காமல் உறையிலிட்டு முத்திரை வைத்து கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பாடம் இதுவரை நடத்தப்படாத வகுப்பாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். நடத்தப்படாத வகுப்புக்கு எங்கள் பள்ளியில் பஞ்சமா?

அந்த நாள் நல்ல வெயில். ஒரு மரமும் விழவில்லை. புது ஒன்பதாம் வகுப்பு, இரண்டு அறைகள், ஆளுக்குப் பாதிப் பிள்ளைகள். எங்கள் வக்கீல் தன் ஜூனியரை அனுப்பியிருந்தார். நடப்பதையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் இரண்டு அறைகளுக்கும் மாறி மாறிப் போனேன். என்ன சொல்ல? இரண்டு பேருமே தங்கம். இவர்களில் யார் வந்தாலும் எங்கள் பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள் என்று தோன்றியது. அதை நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. ஜன்னல் பக்கம் சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்தால், பத்தாம் வகுப்பு முழுக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. விரட்ட மனம் வரவில்லை.

மார்க்கை உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள். ஜூனியர் என்னைத் தனியே கூப்பிட்டார். "மேடம், கவர் பிரிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் இங்க ஒரு நிமிஷம்கூடப் பாடம் எடுக்கக் கூடாது. எடுத்தா அத வச்சே யாராவது மறுபடி ஆரம்பிப்பாங்க. அப்புறம் இன்னொரு ரெண்டு வருஷம் இழுக்கும்." சரி என்றேன்.

கேட்டுக்கு வெளியே இருவரும் பஸ்ஸுக்காகத் தள்ளித் தள்ளி நின்றிருந்தார்கள். முதல் பெஞ்சுப் பெண் புத்தகத்தோடு ஓடினாள். நானும் பின்னால் போனேன்.

"மிஸ், வட்டத்துக்கு எப்ப மிஸ் கேஸு போடுவீங்க?"

இருவரும் விழித்தார்கள்.

"கேஸு போட்டாத்தான மிஸ் டெமோ வைப்பாங்க? தொடுகோடு எனக்கு வரவே மாட்டேங்குது. பரீட்சை வருது மிஸ்."

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. வில்பட்டி டீச்சர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு குச்சியால் மண்ணில் வட்டம் போட்டார். எஸ்டேட் டீச்சர் கிட்டே வந்தார். "மொதல்ல ஆரத்தப் போடுங்க டீச்சர். அப்பத்தான் பிள்ளைக்குத் தொண்ணூறு தெரியும்" என்றார். "ஆமாங்க" என்று இவர் ஆரத்தைப் போட்டார். அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண் முட்டி போட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். வராந்தாவில் ஜூனியர் நின்றிருந்தார். எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வளைவில் பஸ் வரும் சத்தமும் கேட்டது.

"போதும், எந்திரிங்க. பஸ் வருது, வெரசா ஏறுங்க."

"ஒரு நிமிசம் மேடம், இன்னொரு கோடுதான்."

"வேணாம்னு சொல்றேன்ல? கெளம்புங்க ரெண்டு பேரும்!"

என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. இருவரும் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்து பஸ் ஏறினார்கள்.

"ஏன் டீச்சர் அவங்கள வெரட்டுனீங்க?" என்று அவள் கேட்டாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வரச் சொன்னேன். இத்தனை நாள் நான் கோர்ட் கோர்ட்டாக அலைந்து கேட்ட கணக்கு டீச்சரை, அதுவும் ஒருவருக்கு இருவராக, என் வாயாலேயே விரட்டிவிட்டு, மண்ணில் பாதியில் நின்ற அந்தப் படத்தைப் பார்த்து உள்ளங்கையில் வரைந்துகொண்டு, தொடுகோடு நடத்த நான் பத்தாம் வகுப்புக்குப் போனேன்.