மைக்கில் சொன்ன சாப்பாடு

ஜீப்பில் வரும் ஊட்டச்சத்து அம்மாவைக் கண்டாலே கொளஞ்சியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கள்ளக்குறிச்சி கடலை மில்லில் கூலிக்குக் கடலை பொறுக்குகிறவள் அவள். பிள்ளை தமிழரசனுக்குக் கேவுரு என்கிற கேழ்வரகுக் கூழும் வயல் நத்தையும்தான் ஊட்டினாள். அவள் ஊரான வடக்கனந்தலின் பால்வாடியில் அதைக் கேட்டதும் அந்த அம்மா முகத்தைச் சுளித்து, "நத்தையா? பெத்த புள்ளையக் கொல்லப் போறியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். பால், முட்டை, ஆரஞ்சுச் சாறு என்று ஒரு பட்டியலும் படித்தாள். யார் வீட்டுப் பணத்தில் என்று மட்டும் சொல்லவில்லை. மனசுக்குள் அவளை வண்டை வண்டையாகத் திட்டினாலும், அன்றிலிருந்து கொளஞ்சியம்மாள் நத்தையை நிறுத்திவிட்டதாக ஊரில் சொல்லிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுத்தான் ஊட்டினாள்; ஒவ்வொரு வாய்க்கும் கை கூசியது.

எண்பத்தேழு ஆடியில் கொழுகொழு குழந்தைப் போட்டி வைத்தார்கள். தராசில் ஏற்றினால் தமிழரசன்தான் முதல். எவர்சில்வர் தூக்கைப் பரிசாகக் கொடுத்த அதே அம்மா, இவளை அடையாளம் தெரியாமல், "புள்ளைக்கு என்ன குடுக்கிற, சொல்லு" என்று மைக்கை நீட்டினாள். நத்தை என்றால் கூட்டமே மூக்கைப் பொத்தும். கொளஞ்சியம்மாள் பட்டியலை அப்படியே ஒப்பித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

கூட்டத்தில் பக்கத்து வீட்டுச் சாலம்மாளும் இருந்தாள், இடுப்பில் நோஞ்சான் மகள் கண்ணகியோடு. மறுநாளே அவள் கூழை நிறுத்திவிட்டாள். கூலிக் காசில் வாங்கிய ஆழாக்குப் பாலில் தண்ணீரை ஊற்றி ஊற்றி நாளெல்லாம் கொடுத்தாள். "இத்தினி நாளு கூழ ஊத்தி எம்புள்ளய நானே கெடுத்துட்டேன்க்கா" என்று அழுதாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். கொளஞ்சியம்மாள் வாயைத் திறக்கவில்லை.

செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் வந்தது. வழியெங்கும் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். கள்ளக்குறிச்சிக்குப் பஸ் இல்லை, மில் வேலை இல்லை, கூலி இல்லை. சாலம்மாள் வீட்டில் பாலும் நின்றது. நாலாம் நாள் கண்ணகிக்கு அழக்கூடத் தெம்பில்லை.

கொளஞ்சியம்மாள் ஒரு கிண்ணத்தில் கூழும் நத்தைச் சாறும் கலந்து எடுத்துப் போனாள்.

"வாணாங்க்கா," என்றாள் சாலம்மாள். "மறியலு முடிஞ்சா பாலு வாங்கிடுவேன்."

"என் புள்ளைக்கு இத்தத்தான்டி குடுத்தேன். பாலுமில்ல, முட்டையுமில்ல. மைக்குல சொன்னதெல்லாம் பொய்யி. நத்தைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

சாலம்மாள் கிண்ணத்தைப் பிடுங்கினாள். கண்ணகி மடக்கு மடக்கென்று குடித்து முடித்தாள். மகளின் வாயைத் துடைத்துவிட்டுத்தான் சாலம்மாள் திரும்பினாள்.

"ஜீப்பு பொம்பள தெரியாம சொல்லிட்டுப் போனா. நீ பக்கத்து வூட்டுல இருந்துகினு, எம்புள்ள காயறத ரெண்டு மாசமா பாத்துகினு இருந்தியே. நீ இன்னா பொம்பள?"

கொளஞ்சியம்மாள் வெறுங்கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.