கன்னத்தில் கை வைத்தவள்

சீசன் மாதங்களில் குற்றாலத்தில் எங்கள் வீட்டு மாடியை மெட்ராஸ்காரர்களுக்கு வாடகைக்கு விடுவோம். சாரல் நின்று அவர்கள் ஊருக்குப் போனதும், விட்டுப் போன வாரப் பத்திரிகைகள் எல்லாம் எனக்குத்தான். எழுத்துக்கூட்டி ஒரு பக்கம் முடிப்பதற்குள் விடிந்துவிடும். அதனால் படம் மட்டும் பார்ப்பேன். பார்ப்பதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எந்தக் கதையானாலும் ஒருத்தி ஜன்னலோரம் கன்னத்தில் கை வைத்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள். இடுப்பில் குடம் கிடையாது, முன்னால் அடுப்பு கிடையாது. அந்த வீட்டில் உலை வைக்கிறது யார் என்று எனக்கு அப்போதே சந்தேகம். ஆனாலும் ஆசை விடவில்லை. நானும் அப்படி உட்கார்ந்தேன். அம்மா கையைத் தட்டிவிட்டாள்.

"ஏட்டி, கன்னத்துல கைய வைக்காத. இழவு விழுந்த வீடா இது?"

கடையத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையை முன்பே தென்காசித் தேரோட்டத்தில் பார்த்திருக்கிறேன். பிடித்திருந்தது; வெளியே சொல்லவில்லை. பட்டுக் கட்டி, பூ வைத்து, ஜன்னல் பக்கம் உட்காரவைத்தார்கள். பஸ்ஸோ வந்த பாடில்லை. அவருடைய மீசையை நினைத்துக்கொண்டே இருந்தேனா, கை தானாகக் கன்னத்துக்குப் போய்விட்டது. படத்தில் இருக்கிறவள் என்னிடம் தோற்றிருப்பாள்.

பஸ் வந்ததும் அவர்கள் இறங்கி வந்ததும் எனக்குத் தெரியவில்லை. வாசலில் மாப்பிள்ளையின் அத்தை வைத்த காலைப் பின்னால் எடுத்துவிட்டாள். "நல்ல காரியத்துக்கு வாற நேரத்துல பொண்ணு கன்னத்துல கைய வச்சிட்டு இருக்கா. சகுனம் சரியில்ல. வாலே, திரும்பிருவோம்."

எனக்கு உயிரே போயிற்று. அம்மா ஓடி வந்தாள். "பல்லுவலி மதினி! காலையிலருந்து துடிச்சிட்டு இருக்கா பிள்ள."

அத்தை லேசில் நம்புகிறவள் இல்லை. சுருக்குப்பையிலிருந்து கிராம்பை எடுத்தாள். "எந்தப் பல்லு? வாயத் திற." ஒன்றைக் காட்டினேன். அதில் வைத்துக் கடிக்கச் சொன்னாள். காரத்தில் கண்ணீர் கொட்டியது. அதைப் பார்த்துத்தான் நம்பினாள். "பாவம், நல்ல வலிதான்."

எல்லோருக்கும் கேசரி, எனக்கு வெந்நீர். கை வைத்திருந்தது இடக் கன்னம், நான் காட்டியதோ வலப் பக்கத்துப் பல். கவனித்தது மாப்பிள்ளை மட்டும்தான். தலையைக் குனிந்து கேசரியைப் பார்த்துச் சிரித்தார்.

வெற்றிலை போட்டுக்கொண்டு அத்தை தீர்ப்பு சொன்னாள். "பிள்ள பிடிச்சிருக்கு. ஆனா கலியாணத்துக்கு முன்னால அந்தப் பல்லப் புடுங்கிருங்க."

அம்மா மறுக்கவில்லை. சம்பந்தம் கூடுமென்றால் என் பல் ஒன்றைக் கொடுக்க அவள் தயங்கமாட்டாள், எனக்குத் தெரியும்.

"இருக்கட்டும் அத்த," என்றார் அவர். "பல்லோடயே வரட்டும். வலிச்சா நான் பாத்துக்கிடுதேன்."

அத்தனை பல்லோடும்தான் கடையம் போனேன்.