அடித்தல் திருத்தல் இல்லாத பதிவேடு

டேப் ரெக்கார்டரின் எண்சக்கரம் 147-ஐத் தொட்டதும் பிலோமின்ராஜ் நாடாவை நிறுத்துவார். ஓர் எண் தாண்டிப் போயிருந்தால் பின்னால் சுற்றி மறுபடி வருவார். அதன் பிறகே ஒலிக்க விடுவார். பூச்சி கத்துவதுபோல ஒரு கீச்சொலி எழும், அதுதான் கம்ப்யூட்டருக்கான ப்ரோகிராம். டி.வி. திரையில் எழுத்துகள் வந்து நிற்கும்வரை அவருக்கு மூச்சு சீராக வராது.

மேலப்புதூர் வீட்டின் முன்னறையில் இருக்கும் அந்தக் கம்ப்யூட்டரை 1984-இல் அவருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தார். டி.வி.யோடு இணைக்கும், தட்டச்சு விசைகள் பதித்த ஒரு பெட்டி, அவ்வளவுதான். மின்சாரம் போனால் உள்ளே இருப்பது அனைத்தும் அழிந்துவிடும். ஆகையால் ப்ரோகிராம்கள் எல்லாம் காசெட்டுகளில் குடியிருக்கின்றன. பதினோரு காசெட்டுகளில் அறுபத்து மூன்று. எது எந்தக் காசெட்டில், எந்தப் பக்கத்தில், எந்த எண்ணில் தொடங்கி எந்த எண்ணில் முடிகிறது, என்று ஏற்றப்பட்டது, என்று அழிக்கப்பட்டது என்பதற்கு ஒரு நீளப் பதிவேடு உண்டு.

"நம்ம கல்யாண போட்டோவுக்குக்கூட நீங்க நம்பர் போடல" என்பார் மனைவி அக்னஸ்.

"போட்டோ தானா அழியாது அக்னஸ். இது அழியும்."

கம்ப்யூட்டர் வகுப்பு எதற்கும் அவர் போனதில்லை. பெட்டியோடு வந்த ஆங்கில விளக்கப் புத்தகத்தை, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, ஒரு மழைக்காலம் முழுவதும் படித்தார். சுங்க ரசீது, டி.வி.யின் உத்தரவாத அட்டை, காசெட்டுகளைச் சுற்றி வந்த கண்ணாடித்தாள் என எல்லாவற்றையும் தேதியிட்டுக் கோப்பில் வைத்திருக்கிறார். அவர் கிழித்தெறிவது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு சனவரியிலும் பதிவேட்டைப் புது நோட்டில் ஒரே மையால், ஒரே அமர்வில் நகலெடுப்பார். அடித்தலும் திருத்தலுமாக இருக்கும் பழைய நோட்டைக் கிழித்துவிடுவார். காசெட்டுகளையும் தேயுமுன் புதியவற்றில் ஏற்றிவிட்டு, பழையவற்றைத் துடைத்துவிடுவார்.

அரியமங்கலத்தில் வால்வு செய்யும் பட்டறை ஒன்றில் அவர் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. எந்த உதிரிப்பாகம் எந்த அடுக்கில் இருக்கிறது என்று சொல்லும் ப்ரோகிராம் ஒன்றை ஈராண்டுகளுக்கு முன் வீட்டில் எழுதினார். சக குமாஸ்தா ரங்கசாமி, "பாத்துட்டுத் தரேன் சார்" என்று அதைக் கையால் எழுதிவைத்திருந்த எட்டுத் தாள்களை வாங்கிப் போனார். கம்ப்யூட்டர் வகுப்பில் சான்றிதழ் வாங்கியவர் அவர். பட்டறைக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்றதும், அந்த எட்டுத் தாள்களும் ரங்கசாமியின் கையெழுத்தில் நகலாகி முதலாளி பரக்கத் அலியின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தன. ப்ரோகிராமை எழுதியவருக்கே கம்ப்யூட்டர் நாற்காலி. மற்றவர் லாரிக் கொட்டகைக்குப் போக வேண்டும் என்பது முதலாளியின் முடிவு. பிலோமின்ராஜ் எடுத்துச் சொன்னபோது, "வீட்டுல ஆதாரம் இருந்தா நானே வந்து பாக்குறேன்" என்றார் அவர்.

சென்ற ஞாயிறு, பிலோமின்ராஜ் காலைப் பூசை முடிந்து வருவதற்குள் முதலாளியும் ரங்கசாமியும் வாசலில் நின்றிருந்தார்கள். பிலோமின்ராஜ் காசெட்டை ஓட்டினார். திரை உதிரியின் எண்ணைக் கேட்டது. தட்டியதும் அடுக்கையும் தட்டையும் காட்டியது.

"ஓடுது, நல்லாவே ஓடுது" என்றார் பரக்கத் அலி. "ஆனா ரங்கசாமி எழுதினதைப் பாத்து நீங்க தட்டியிருந்தாலும் இப்படித்தானே தம்பி ஓடும்?"

பிலோமின்ராஜ் பதிவேட்டை இரு கைகளாலும் நீட்டினார். முதலாளி பக்கங்களைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி புரட்டினார்.

"என்ன தம்பி இது? மூணு வருசத்துக் கதை, எல்லாம் ஒரே மையில இருக்கு. ஒரே நாள்ல உக்காந்து எழுதுன மாதிரியில்ல தெரியுது?"

"ஃபேர் காப்பிங்க முதலாளி. சனவரியில எழுதினது."

"அப்ப அசல் எங்க?"

"அடிச்சு அடிச்சு எழுதியிருந்துச்சுங்க... பாக்க அசிங்கமா இருக்கேன்னு கிழிச்சுட்டேங்க."

ரங்கசாமி சிரித்துவிட்டார். "காசெட் சுத்தி வந்த கண்ணாடித்தாளைக்கூட ஃபைல் பண்ற மனுசன், அதை மட்டும் கிழிச்சுட்டாராம் முதலாளி!"

அக்னஸ் சமையலறையிலிருந்து வெளியே வந்து ரங்கசாமியைப் பார்த்தார். "சார், அவரு எட்டுத் தாளையும் உங்களுக்குக் குடுத்தப்போ காப்பி போட்டுக் குடுத்தவ நான். ஞாபகம் இருக்குங்களா?"

"காப்பி குடிச்சேம்மா. தாளு எதுவும் வாங்கலையே."

பரக்கத் அலி எழுந்தார். "கம்ப்யூட்டர் வர இன்னும் பத்து நாள் இருக்கு. யோசிக்கிறேன். இந்த நோட்டு எங்கிட்ட இருக்கட்டும்."

ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும்வரை பிலோமின்ராஜ் வாசலில் நின்றார். பதிவேடு இல்லாத பதினோரு காசெட்டுகளும் அவருக்கு முகமற்ற மனிதர்கள்போல ஆகிவிட்டன. முகம் கழுவிக்கொண்டு வந்து, முதல் காசெட்டைப் போட்டு, காதால் கேட்டுக் கேட்டுப் புது நோட்டில் பதியத் தொடங்கினார்.

மூன்றாவது வரியில் 058 என்பதற்குப் பதிலாக 085 என்று விழுந்துவிட்டது. வழக்கம்போல அந்தத் தாளையே கிழிக்க அதன் ஓரத்தைப் பிடித்தார். கிழிக்காமல் விட்டார். பிறகு தாளைத் தடவிச் சமப்படுத்தி, தவறான எண்ணின்மேல், அது படிக்கும்படி தெரிய, ஒரே ஒரு கோடு இழுத்தார். சரியான எண்ணை அதன் தலைமேல் எழுதினார். பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு, தேதியும் போட்டு, "அக்னஸ், நீயும் இதுல ஒரு கையெழுத்துப் போடு" என்று பேனாவை நீட்டினார்.